சேர்வராயன் மலைக்கு எந்த பூட்ஸ்? முதலில் சோலைத் திருப்பிப் பாருங்கள்

இணையத்தில் ‘வேட்டை பூட்ஸ்’ என்று தேடினால் வரிசையாக வந்து நிற்கும் பூட்ஸ்களில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காகச் செய்தவை. நம் ஊரில் வேட்டைக்குச் சட்டத்தில் இடமில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிச்சமிருந்த வேட்டை உரிமங்களையும் 1991 திருத்தம் எடுத்துவிட்டது. சேலம், ஏற்காடு பக்கம் இவற்றை வாங்குகிறவர்கள் தோட்ட மேஸ்திரிகள், சர்வே வேலைக்காரர்கள், மலை நடை போகிறவர்கள். அவர்கள் முதலில் தள்ள வேண்டியது, உள்ளே 200 கிராம், 400 கிராம் என்று இன்சுலேஷன் போட்டிருப்பதாக எழுதியிருக்கும் ஜோடியை. ஏற்காட்டின் டிசம்பர் குளிருக்குக் கூட அது தேவையில்லை. அடிவாரத்துச் சூட்டில் கால் வெந்து, சாக்ஸ் நனைந்து, கொப்புளம் வரும்.

அடுத்தது சோல். இந்த மலையில் பூட்ஸ் சாவது தோல் கிழிந்து அல்ல, பெரும்பாலும் சோல் வாய் பிளந்துதான். விலை குறைந்த டிரெக்கிங் ஷூக்களில் சோலைப் பசையால் மட்டும் ஒட்டியிருப்பார்கள். பகலெல்லாம் ஈரச் செம்மண்ணில் நடந்துவிட்டு, ராத்திரி அடுப்போரம் காய வைத்தால் அந்தப் பசை இளகும். கால் மடங்கும் இடத்தில், பெருவிரலுக்குக் கீழே, முதல் பிளவு தெரியும். அதில் மண் புகுந்தபின் மறுபடி ஒட்டினாலும் நிற்காது.

சேஃப்டி ஷூக்களில் பரவலாக இருப்பது பி.யூ. சோல், அதாவது பாலியூரிதேன் என்ற நுரைப் பிளாஸ்டிக். அச்சில் நேரடியாக ஊற்றி மேல்தோலோடு பிடிக்க வைப்பதால் ஓரத்தில் பசைக்கோடே இருக்காது. பிடிப்பு நல்லது, எடையும் குறைவு. ஆனால் பி.யூ.வுக்கு ஒரு நோய் உண்டு. காற்றிலுள்ள ஈரமே அதை உள்ளுக்குள் சிதைக்கும். போடாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் சில வருஷத்தில் பொடிப்பொடியாக உதிரும். ஆகவே தள்ளுபடியில் கிடைக்கும் பழைய சரக்கை வாங்காதீர்கள். ஐ.எஸ். 15298 (சேஃப்டி ஷூக்களுக்கான இந்தியத் தர எண்) முத்திரை உள்ள ஜோடியில் தயாரித்த காலமும் பதிந்திருக்கும். சோலின் அடியில் அம்புக்குறியோடு சிறு வட்டமாகவும் அது இருக்கலாம். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இன்னொரு குறி எச்.ஆர்.ஓ. சூடான தளத்தைச் சோல் தாங்கும் என்பது அதன் பொருள். 300 டிகிரி சூடு நமக்கு எதற்கு என்று விட்டுவிட வேண்டாம். அந்தச் சோதனையில் தேறுவதற்கு அடிப்பக்கம் பொதுவாக ரப்பராக இருந்தாக வேண்டும். மேலே பி.யூ., தரையில் படும் அடுக்கு ரப்பர் என்று இருக்கும் அந்தக் கூட்டுதான் ஈரப் பாறைக்கும் கரட்டுக்கும் நாங்கள் சொல்வது. தனி பி.யூ. சோல் தொழிற்சாலைத் தரைக்குப் போதும், கல்லில் சீக்கிரம் தேயும்.

சேலம் பக்கத்துக் கரடுகளிலும் அடிவாரப் புதர்களிலும் எதிரி முள். சீமைக்கருவேல முள் மெல்லிய ரப்பர் சோலைத் துளைத்துப் பாதத்தில் ஏறிவிடும். இங்கே எஸ்1பி அல்லது எஸ்3 என்று போட்ட ஜோடி வேண்டும். துளைப்பைத் தாங்கும் தகடு உள்ளே இருக்கும். துணியடுக்குத் தகடு வளையும், எடை குறைவு, ஆனால் ஊசி போன்ற மெல்லிய முனை அதில் இழைகளுக்கிடையே நுழைய முடியும். முள்காட்டுக்கு இரும்புத் தகடே மேல். முன்பாதம் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வெள்ளைக்கல் கிடக்கும் மேக்னசைட் நிலத்தில் விளிம்பு கூரான சில்லுகள் பக்கவாட்டுத் தோலைக் கிழிக்கும். அங்கே மெஷ் துணி வைத்த ஷூ ஒரு சீசன்கூடத் தாங்காது. 2 மில்லிமீட்டர் கனமுள்ள முழுத்தோல், அதிலும் தையல் குறைவாக உள்ளது பார்த்து எடுங்கள். தையல் நூல்தான் முதலில் அறுபடும்.

காப்பித் தோட்டச் சரிவு வேறு கதை. மழைக்காலத்தில் சில்வர் ஓக் சருகு மேலே, வழுக்கும் செம்மண் கீழே. சோலின் அடியில் துருத்தி நிற்கும் கட்டைகள் நெருக்கமாக இருந்தால் மண் அடைத்துக்கொண்டு சோல் வழவழப்பாகிவிடும். கட்டைகளுக்கு நடுவே ஒரு விரல் போகும் இடைவெளியும் 4 அல்லது 5 மில்லிமீட்டர் ஆழமும் வேண்டும். ஹீலின் முன்விளிம்பு செங்குத்தாக இறங்கியிருக்க வேண்டும். இறக்கத்தில் பிரேக் பிடிப்பது அதுதான். முன்னிருந்து பின்வரை ஒரே தட்டையாக இருக்கும் சோலைப் போட்டுக்கொண்டு நாகலூர், வாழவந்திப் பக்கத்துத் தோட்டங்களில் இறங்குவது ஆபத்து.

தோட்டத்தில் பலர் கம்பூட்ஸ் போடுகிறார்கள். மருந்தடிக்கும் நாளில் அதை விட்டால் வேறில்லை. பூஞ்சை நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையின் சுண்ணாம்பு தோலை வறட்டி வெடிக்க வைக்கும், பி.வி.சி.க்கு ஒன்றும் ஆகாது. முழங்கால் அளவு உயரம் இருப்பதால் விரியன் கடியிலிருந்து ஓரளவு காவலும் கிடைக்கிறது. பாம்புக்கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தானே விழுகிறது. குறை என்னவென்றால் குதிகால் உள்ளே தளர்ந்து எழும்பும். சரிவில் கணுக்காலுக்குப் பிடிப்பே இராது. தடித்த சாக்ஸோடு சேர்த்து அளவு பாருங்கள், ‘பெரியதாக இருந்தால் பரவாயில்லை’ என்று வாங்க வேண்டாம். பி.வி.சி. என்றால் ஐ.எஸ். 12254, ரப்பர் என்றால் ஐ.எஸ். 5557 எண் பார்க்கவும். வெயிலில் கிடந்தால் பி.வி.சி. விறைத்து மடிப்பில் வெடிக்கும். கணுக்கால் மடிப்பில் வெளுத்த கோடு தெரிகிறதென்றால் அடுத்த மழைக்கு அது ஒழுகும்.

கிளியூர் அருவிப் பாதை போன்ற பாசி படிந்த பாறைக்கு எந்தச் சோலும் முழு உத்தரவாதம் தராது. எஸ்.ஆர்.சி. என்ற வழுக்கல் தரக்குறி சோப்பு நீர் ஊற்றிய ஓட்டிலும், கிளிசரின் தடவிய எஃகிலும் சோதித்தது. பாசியை அது அறியாது. மென்மையான ரப்பர் உதவும். நகத்தால் அழுத்தினால் சற்றே குழிந்து மீள வேண்டும். ஆனால் அதே மென்மை தார்ச்சாலையில் வேகமாகத் தேயும். அடிவாரத்திலிருந்து கொண்டை ஊசி வளைவு வழியாக நடந்தே ஏறுகிறவர்களுக்கு அது கட்டுபடியாகாது.

ஓடைகளைக் கடந்து போகிறவர்களுக்கு எங்கள் தேர்வு, கடைக்காரர்கள் ‘ஹண்டர் ஷூ’ என்று எடுத்துவைக்கும் கேன்வாஸ் ஜங்கிள் பூட்ஸ். விலை குறைவு, சூடாக்கி இறுக்கிய ரப்பர் சோல் லேசில் பிரியாது, நனைந்தாலும் சீக்கிரம் காயும். முள்ளுக்கும் கணுக்காலுக்கும் காவல் கிடையாது என்பது உண்மை. நீர்புகாச் சவ்வு வைத்த விலை உயர்ந்த பூட்ஸில் மேல்வாய் வழியாக ஒருமுறை தண்ணீர் புகுந்துவிட்டால் உள்ளேயே தங்கிவிடும். முள் குத்தினால் சவ்வும் போச்சு. 1,623 மீட்டர் உயரத்தில் சேர்வராயன் கோயில் இருக்கும் சமவெளிக்கு மட்டும் எந்தச் சோலானாலும் சரி. அங்கே காலடியில் உருளும் பாக்சைட் சரளையைச் சமாளிக்கக் கணுக்காலைப் பிடிக்கும் 6 அங்குல உயரம் இருந்தால் போதும்.

அளவு பார்க்கச் சாயங்காலம் போங்கள், பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். லேஸ் கட்டாமல் காலை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு லேஸை இறுக்கி, கடையின் படியிலோ சாய்வுப் பலகையிலோ கீழ்நோக்கி நில்லுங்கள். விரல் நுனி முன்னே இடித்தால் அரை அளவு ஏற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரே இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். இரும்பு முனை உள்ள பூட்ஸில் இதை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். மரம் வெட்டும், பாரம் தூக்கும் வேலை இல்லையென்றால் இரும்பு முனை இல்லாத ரகமே இறங்கும் காலுக்கு நல்லது. அதே ஐ.எஸ். 15298-இன் 4-ஆம் பாகத்தில் வருபவை அவை.

நனைந்த பூட்ஸில் இன்சோலைக் கழற்றி, நியூஸ்பேப்பரைத் திணித்து, நிழலில் காற்றாட வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பேப்பரை மாற்ற வேண்டும். தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே மெழுகு தடவினால் நன்றாக ஏறும்.

வாங்கிய கையோடு செருப்பு தைப்பவரிடம் கொடுத்துச் சோலைச் சுற்றித் தையல் போடும் வழக்கம் நம் ஊரில் உண்டு. சோலின் ஓரம் கெட்டியான ரப்பராக, மேல்தோலின்மேல் ஏறி நிற்கும் வகையென்றால் தாராளமாகச் செய்யலாம், பசை விட்டாலும் நைலான் நூல் பிடித்துக்கொள்ளும். பி.யூ. சோலில் செய்ய வேண்டாம், நூலே நுரையை அறுத்துவிடும். நீர்புகாச் சவ்வு உள்ளதிலும் கூடாது, ஒவ்வொரு ஊசித்துளையும் ஓட்டைதான். ஏற்கெனவே தையல் தெரிகிறது என்று விற்பவர் காட்டினால் இன்சோலைத் தூக்கி உள்ளே பாருங்கள். நூல் உள்ளே வந்திருந்தால் அது தையல். வெல்ட் (மேல்தோலையும் சோலையும் இணைக்கும் ஓரப்பட்டை) வைத்துத் தைத்த ரகத்தில் நூல் உள்ளே தெரியாது, அதில் வெளிவிளிம்பின் மேலும் கீழும் பாருங்கள். இரண்டு இடத்திலும் நூல் இல்லையென்றால் அச்சில் வார்த்த கோடு, அது எதையும் பிடிக்காது.