முகப்பில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்

தம்பி மகளை காரைக்குடி செக்காலைப் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்து மூன்று மாதம் ஆகிறது. பழைய செட்டியார் வீட்டு முகப்பை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். ஒரு காலத்தில் கணக்குப்பிள்ளை பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடமாக இருக்கும். வட்டிக்கணக்கை மனத்திலேயே போடுகிற ஆச்சிமார் அப்போதும் இருந்தார்கள். ஆனால் வளவை, அதாவது வீட்டின் உள்கட்டை, தாண்டி வந்து பேரேடு எழுதியதில்லை. இப்போது காலை ஆறு மணிக்கு அதே முகப்பில் பதினான்கு மிஷின், பன்னிரண்டில் பெண்பிள்ளைகள்.

நானும் தட்டச்சுத் தேர்வில் லோயர், ஹையர் இரண்டும் முடித்து அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்தான். 1989-இல் அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீத இட ஒதுக்கீடு வந்தது. அதற்குப் பின் உள்ளே வந்த கூட்டத்தில் ஒருத்தி. கற்றுக்கொள்ளப் போனபோது, "விரல் தேய்ஞ்சு போகும், எதுக்கு ஆத்தா இது?" என்றார் அப்பத்தா. நியூயார்க்கில் 1881-இல் பெண்களுக்குத் தட்டச்சு வகுப்பு தொடங்கியபோதும் உடம்பு தாங்காது என்றார்களாம். மிளகாய் இடிக்க மட்டும் தாங்கும்போல.

சரி, இன்ஸ்டிடியூட்டுக்கு வருவோம். சொல்லித்தரும் டீச்சருக்கு முழு மதிப்பெண். விசையைக் குனிந்து பார்த்தால் கையின் மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவார். தமிழுக்கு அவர் காட்டும் பொறுமைதான் பெரிது. யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா அமைத்த விசைப்பலகையில் மெய்யெழுத்தின் புள்ளியை முதலில் தட்டவேண்டும். தாள் சுற்றிய உருளை அதற்கு நகராது, அப்புறம் எழுத்து. கம்ப்யூட்டரில் பழகிய பிள்ளைகள் எழுத்தை அடித்துவிட்டுப் புள்ளியைத் தேடும். அதை ஒவ்வொருத்திக்கும் பக்கத்தில் நின்று திருத்துகிறார்.

குறை மிஷின்களில். தமிழ் மிஷின் மூன்றுதான், ஒன்றில் 'ழ' ஒட்டிக்கொள்கிறது. ரிப்பன் வெளுத்துப் போய், அடித்தது கண்ணுக்கே தெரியவில்லை. மாற்றச் சொன்னால் "நாளைக்கு" என்பார் நடத்துபவர். லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. பழுதான மிஷினில் பழகினால் அந்த வேகம் எங்கிருந்து வரும்? பிள்ளைகள் கட்டும் சம்பளம் மாதம் அறுநூறு, அதில் ரிப்பனுக்கு இடமில்லையா?

பெண்பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறது, சுத்தமாகவும் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் முதல் நான்கு வருடம் அது கிடையாது.

சேர்ப்பதென்றால் ஆறு மணி பேட்ச் கேளுங்கள். ஜன்னலோர மிஷினைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், அது ஒன்றுதான் ஒழுங்கு.