ஒரு சிற்றூரை அறிய சென்சஸ் கையேடு உதவுமா?

எங்கள் பள்ளிக்கு நூற்றாண்டு மலர் போட்டார்கள். "ஊர் அறிமுகம் ஒரு பக்கம், நீங்க எழுதிடுங்க சார்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு வேறென்ன வேலை என்ற நினைப்புதான். இணையத்தில் தேடினால் எல்லா ஊருக்கும் அதே நான்கு வரி: இத்தனை ஆண்கள், இத்தனை பெண்கள், எழுத்தறிவு இவ்வளவு. ஊர்ப் பெயரை மாற்றினால் அடுத்த ஊர் தயார். அதெல்லாம் எங்கிருந்து வருகிறதோ அந்த மூலத்தையே பார்ப்போம் என்று 2011 சென்சஸின் மாவட்டக் கையேட்டை இறக்கிக்கொண்டேன். பிடிஎப், காசு கிடையாது.

தென்காசி மாவட்டத்துக்காரர்கள் தென்காசி என்று தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். அப்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள்தான். நாம் இருப்பது திருநெல்வேலி கையேட்டில். மயிலாடுதுறைக்காரர்கள் நாகப்பட்டினத்தில் தேடுங்கள், கள்ளக்குறிச்சிக்காரர்கள் விழுப்புரத்தில்.

ஏ, பி என இரண்டு பாகம். ஏ-யில் பள்ளி, ஆஸ்பத்திரி, வங்கி, தண்ணீர் போன்ற வசதிகள். பி-யில் ஆள் கணக்கு. எங்களுடையது பேரூராட்சி என்பதால் நகரப் பட்டியலில் இருக்கிறது. சுற்றிலும் வயல், காலையில் பாதி ஊர் நடவுக்குப் போகும், ஆனாலும் நகரம்தான். சட்டப்படி பேரூராட்சி என்றாலே அப்படி. ஊராட்சியாக இருக்கும் ஊரை நகரம் என்று கணக்கில் எடுக்கத்தான் 5,000 பேர் வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் வேண்டும், ஆண்டில் ஆறு மாதமாவது வேலை செய்யும் ஆண்களில் நூற்றுக்கு 75 பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை.

எழுத்தறிவில் நானே சறுக்கினேன். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை மொத்த மக்கள்தொகையால் வகுத்து, இவ்வளவு குறைவா என்று திகைத்துப்போனேன். கணக்கு வாத்தியாருக்கு இது அவமானம். ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும். தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 7,21,47,030 பேர், எழுத்தறிந்தவர்கள் 5,18,37,507. அப்படியே வகுத்தால் 71.85 சதவீதம். 74,23,832 பிள்ளைகளைக் கழித்துவிட்டு வகுத்தால் 80.09. கையேட்டில் பிள்ளைகளுக்குத் தனிப் பத்தி இருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

ஆனால் இந்தக் கையேட்டின் அருமை தொழிலாளர் பத்திகளில்தான். சொந்த விவசாயம், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், இதர வேலை என்று நான்காகப் பிரித்திருப்பார்கள். ஆறு மாதமும் அதற்கு மேலும் வேலை இருந்தால் ஒரு கணக்கு, அதற்குக் குறைந்தால் இன்னொரு கணக்கு. எங்கள் பக்கத்து ஊர்களைப் பார்க்கும்போது வீட்டுத் தொழில், பெண்கள் என்ற கட்டத்தை விட்டுவிடாதீர்கள். அது பெரும்பாலும் பீடி.

2011 பிப்ரவரியில் நானும் கணக்கெடுக்கப் போனவன். 9-ஆம் தேதி தொடங்கி 28 வரை, அப்புறம் மார்ச் முதல் ஐந்து நாள் சரிபார்ப்பு. ஒரு வீட்டில் அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மடியில் சுளகு, அதில் வெட்டிய இலையும் தூளும். "என்ன வேலை பாக்குறீங்கம்மா?" என்றேன். "நான் சும்மாதான் சார் இருக்கேன்." சொல்லும்போதே இலையைச் சுருட்டி, நூலைச் சுற்றி, அடுத்த இலையை எடுத்துவிட்டார். தலையை நிமிர்த்தவே இல்லை. வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "அவ வேலைக்கெல்லாம் போகல" என்றார். நான் விடாமல் கேட்டு வீட்டுத் தொழில் என்று குறித்தேன். கேட்காமல் விட்ட வீடுகள் எத்தனையோ. அதனால் அந்தக் கட்டத்தில் இருக்கும் எண்ணை நான் குறைந்தபட்சம் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

குறை இல்லாமல் இல்லை. முழுக்க ஆங்கிலம். பேரூராட்சித் தலைவரோ பத்தாம் வகுப்புப் பிள்ளையோ தானாகப் படிக்க முடியாது. திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் இதில் எங்கள் ஊர்க்காரர்கள் இல்லை. கோயில் கொடைக்கு (திருவிழாவுக்கு) வந்து நிற்கும் கூட்டத்தையும் இந்த எண்ணையும் ஒப்பிட்டால் தலை சுற்றும். சாதி விவரம் பட்டியல் சாதி, பழங்குடி என்ற அளவோடு நின்றுவிடும். வசதிப் பட்டியலை நம்பி இன்று பஸ் ஏறாதீர்கள், அது அன்றைய நிலவரம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் பி பாகத்தில் உட்காருங்கள். ஏ-யில் நகரங்களின் வளர்ச்சி வரலாறு என்ற முதல் அட்டவணை மட்டும் போதும்.

அந்த அட்டவணையைத்தான் மலரில் அப்படியே போட்டோம், 1901 முதல் 2011 வரை, பத்துப் பத்து ஆண்டாக. மெய்ப்புப் பார்க்கும்போது அச்சகத் தம்பி கேட்டார், "சார், 2021 விட்டுப்போச்சே?"

"விட்டுப்போகலை தம்பி, எடுக்கவே இல்லை" என்றேன்.