பேட்டைக் காட்டில் காசு தேட 11 இன்ச்சா, 6 இன்ச்சா?

காங்கேயத்துக்குப் பக்கத்தில் என் மாமனுக்கு ஒன்றரை ஏக்கர் காடு இருக்கிறது. ஊரில் அதை இன்றைக்கும் பேட்டைக் காடு என்றுதான் சொல்வார்கள். லாரி வருவதற்கு முன்னால், சந்தைக்குப் போகிற கட்டை வண்டிகள் ராத்தங்கிய இடம். மாட்டை அவிழ்த்துத் தண்ணி காட்டி, லாடம் அடித்துக் கிளம்பியவர்களின் மடியிலிருந்து நாலு காசாவது விழாமலா இருக்கும்? இந்த நினைப்பில்தான் மெட்டல் டிடெக்டரோடு இறங்கினேன். கூடவே விழுந்திருக்கக்கூடிய மற்றதை யோசிக்கவில்லை. லாட ஆணி, கடையாணி, சக்கரப் பட்டாத் துண்டு, ஏர்க்கொழு முனை என்று ஓர் எட்டு வைத்தால் ஏழெட்டு இரும்பு.

மெஷினோடு வந்தது 11 இன்ச் டிடி காயில். காயில் என்றால் தடியின் அடியில் மண்ணுக்கு மேலே வீசுகிற தட்டு, டிடி என்றால் அதற்குள் D வடிவத்தில் இரண்டு கம்பிச் சுருள். அப்புறம் தனியாக வாங்கியது 6 இன்ச். மெஷின் ஒன்றுதான், ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் ஓடுகிற ரகம். ஆறு மாதமாகக் காயிலை மட்டும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்க்கிறேன். இரும்பு மண்டிய நிலத்தைப் பொறுத்தவரை நான் சின்னக் காயில் கட்சி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று முடித்துவிடலாம். பெரிய காயில் ஒரு வீச்சில் நிறைய இடம் பார்க்கும், ஆழமும் போகும். சின்னது கைக்கு லேசு, வேலியோரம் கிளுவைத் தூர்களுக்கு நடுவிலும் நுழையும், ஆனால் காட்டை முடிக்க இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். தனியாகச் செலவும் உண்டு.

விஷயம் இதில் இல்லை. இரும்பு, காசை எப்படி மறைக்கிறது என்பதில் இருக்கிறது. டிடி காயிலின் ஆழமான பார்வை வட்டமாக விழுவதில்லை. நடுவில் முன்னும் பின்னுமாக ஓடும் ஒரு பட்டை போல விழுகிறது. 11 இன்ச் காயிலில் அந்தப் பட்டை ஒரு சாணுக்கு மேல் நீளம். அதற்குள் மூன்று லாட ஆணியும் ஒரு காலணாவும் ஒன்றாக அகப்பட்டால், மெஷினுக்கு நாலும் கலந்த ஒரே குரல்தான் கேட்கும், அதில் ஆணியின் கைதான் ஓங்கியிருக்கும். 6 இன்ச்சில் பட்டை முக்கால் சாண்கூட இல்லை. அதனால் காசு தனியாக மாட்ட ஒரு வழி கிடைக்கிறது.

நம்பிக்கை வராமல் வாசலிலேயே சோதித்தேன். ஒரு பலகையில் ஐந்து லாட ஆணிகளை நாலு விரல் இடைவெளியில் படுக்க வைத்து, நடுவில் ஓர் ஓட்டைக் காலணா, 1943 முதல் 1947 வரை அடித்த அந்தத் துளை போட்ட பைசா. பெரிய காயிலில் எப்போதாவது ஒரு கீச்சொலி. சின்னதில் எந்தப் பக்கமிருந்து வீசினாலும் பெரும்பாலும் கேட்டது.

பெரிய காயிலோடு நான் செய்த இன்னொரு தப்பு, டிஸ்கிரிமினேஷனை, அதாவது வேண்டாத உலோகத்துக்கு ஒலி வராமல் தடுக்கும் அமைப்பை, ஏற்றி இரும்பின் வாயை அடைத்தது. காது குளிர்ந்தது. நாலு ஞாயிற்றுக்கிழமை இரண்டே காசு. மாமன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, "ஏஞ்சாமி, காட்டைக் கூட்டறதுன்னா சீமாறு போதுமே" என்றார். மெஷின் ஆணியைக் கேட்காமல் விடுவதில்லை. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. மூடிய வாய் திறப்பதற்குள் பக்கத்துக் காசைக் காயில் தாண்டிப் போய்விடும். இப்போது இரும்பைக் கீழ்ச் சுரத்தில் உறும விட்டு, ஒன்றைக் கேட்டு முடித்து அடுத்ததற்குத் தயாராகும் வேகமான ரிகவரி ஸ்பீடைக் கூட்டி, மெதுவாக வீசுகிறேன். உறுமலுக்கு நடுவில் கீச்சொலி வந்தால் குறுக்காகத் திரும்பி இன்னொரு வீச்சு. ஆணி முனை பெரும்பாலும் ஒரு திசையில்தான் பொய் சொல்லும், காசு இரண்டு திசையிலும் பேசும்.

பெரிய காயிலால் முடித்துவிட்டதாக நினைத்த வேப்பமரத்தடிக்கே சின்னதை மாட்டிக்கொண்டு போனேன். ஒரு காலையில் ஏழு காசு. அதில் மூன்று, 1835 என்று பொறித்த கிழக்கிந்தியக் கம்பெனிக் காலணா.

ஆழம் குறையுமே என்பார்கள். குறையும்தான். பெரியது ஒரு சாணில் காட்டும் காலணாவைச் சின்னது அரைச் சாணுக்குச் சற்று மேல்வரைதான் காட்டுகிறது. ஆனால் இத்தனை இரும்புக்கு நடுவில் அந்த ஆழம் பெரியதற்கும் பேச்சுக்குத்தான். மேலே கிடக்கும் ஆணியே எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. எனக்குக் கிடைத்த காசெல்லாம் ஏர் புரட்டிய மேல்மண்ணில்தான்.

சக்கரப் பட்டாவும் தட்டையான தகரமும் இரண்டு காயிலையும் ஒரேபோல ஏமாற்றுகின்றன. தோண்டித்தான் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டியதையெல்லாம் இரும்பு வாளியில் போட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் தப்பு. 1947-ஆம் வருடத்து அரை ரூபாய் சுத்த நிக்கல், காந்தத்தில் ஒட்டும். பழைய இரும்புக்காரருக்குப் போட இருந்த வாளியைக் கிளறியபோதுதான் அந்தக் காசின் புலி படம் தெரிந்தது.

இதெல்லாம் செம்மண் காட்டுக் கதை. சேலம் கஞ்சமலைப் பக்கம் மண்ணிலேயே மேக்னடைட் என்னும் இரும்புத் தாது கலந்த ஒரு தோட்டத்தில் ஒரே ஒரு நாள் ஓட்டினேன். இரண்டு காயிலும் சிணுங்கின, சின்னது கொஞ்சம் குறைவாக. ஒரு நாளை வைத்து அதற்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

வெள்ளலூரில் 1842-இல் ரோமானிய வெள்ளிக் காசுப் புதையல் கிடைத்தது, கரூர் அமராவதி மணலில் சேரர் காசு கிடைத்தது என்ற ஆசையில், அகழாய்வு நடந்த பழைய ஊரான கொடுமணல் பக்கம் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். அகழாய்வு மண்ணை நாம் கிளறினால் அடுக்கு குலைந்துவிடும், பாதுகாக்கப்பட்ட இடத்தில் தோண்டுவது குற்றமும்கூட. சொந்தக் காடானாலும், 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் அகப்பட்டால் 1878-ஆம் வருடப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

பெரிய காயிலை நான் விற்கவில்லை. மாடு மட்டுமே மேய்ந்த கொரங்காட்டில் இரும்பு கிடையாது, அங்கே அதுதான் ராஜா. மாமனுக்கும் அதுதான் பிடிக்கும். போன மாதம் மேய்ச்சலில் அறுந்து விழுந்த மாட்டு மணியைக் கால் மணி நேரத்தில் காட்டிக்கொடுத்ததே.