ஹேண்ட்பிரேக்கா, கியரா: நிறுத்திய காரை எதை நம்பி விடுவது?

காரை நிறுத்தியபின் சிலர் ஹேண்ட்பிரேக்கை மட்டும் இழுத்துவிட்டு இறங்குகிறார்கள். கேபிள் தளர்ந்துவிடும், பிரேக் ஷூ (சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பட்டை) தேய்ந்துவிடும் என்று அஞ்சும் வேறு சிலர், அதைத் தொடாமல் கியரில் போட்டுவிட்டுச் செல்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவோரும் உண்டு. இம்மூன்றில் எது காரை உறுதியாகப் பிடிக்கிறது என்பதும், எது எந்த உறுப்பைத் தேய்க்கிறது என்பதும் தனித்தனிக் கேள்விகள்.

கியரில் மட்டும் விட்டால், காரைப் பிடித்து வைப்பது எஞ்சின் சிலிண்டர்களுக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தமும் உள் உராய்வும்தான். பிஸ்டன் வளையங்களின் ஓரமாக அந்தக் காற்று மெல்லக் கசியும் என்பதால், சரிவில் நிற்கும் கார் சிறிது சிறிதாக நகர வாய்ப்புண்டு. எஞ்சின் பழையதாக இருந்தால் இந்த வாய்ப்பு கூடும். முதல் கியரும் ரிவர்ஸும் மற்ற கியர்களைவிட நன்றாகப் பிடிக்கும். நான்காவது கியரில் விடுவது ஏறத்தாழ விடாததற்குச் சமம். கார் கியரில் இருப்பதை மறந்து, கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பினால் வண்டி முன்னோ பின்னோ துள்ளும் என்பது இம்முறையின் இன்னொரு குறை.

பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் கேபிள் வழியாகப் பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கிறது. ஒன்றின்மேல் ஒன்று உரசி நகர்ந்தால்தான் தேய்மானம் உண்டு. நின்றுகொண்டிருக்கும் சக்கரத்தில் அந்த உரசல் இல்லை. ஆகவே, நிறுத்திய பிறகு இழுப்பதால் ஷூ தேயும் என்ற அச்சத்துக்கு அடிப்படை கிடையாது. விடுவிக்க மறந்து ஓட்டுவதும், கார் முழுதாக நிற்குமுன் இழுப்பதுமே ஷூவைத் தின்னும் பழக்கங்கள். கேபிள் காலப்போக்கில் தளர்வது உண்மைதான் என்றாலும், சர்வீஸின்போது அதை இறுக்கிவிடலாம். இழுக்கவே இழுக்காமல் விடுவதால் வரும் கேடு இதைவிடப் பெரிது: உறைக்குள் ஈரம் புகுந்து கேபிள் துருப்பிடிக்கும், பின்சக்கர நெம்புகோல்களும் இறுகும், பின்பு ஒருநாள் அவசரத்துக்கு இழுத்தால் அது பிடிக்காது, பிடித்தாலும் விடாது. சிக்கனம் என்று நினைத்துச் செய்வது இங்கே செலவில்தான் முடிகிறது.

ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்புவதிலும் ஓர் ஓட்டை உண்டு. நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்து வந்து, சூடான டிஸ்க்கின் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) மேல் அதை இழுத்துவிட்டால், டிஸ்க் ஆறிச் சுருங்கும்போது பிடி சற்றுத் தளரக்கூடும். இதனால்தான் இரண்டையும் சேர்ப்பதே என் தேர்வு. முன்சக்கரங்களால் இழுக்கப்படும் காரில் கியர் முன்பக்கத்தையும் ஹேண்ட்பிரேக் பின்பக்கத்தையும் பிடிப்பதால் நான்கு சக்கரங்களும் கட்டுக்குள் இருக்கும். பின்சக்கரங்களால் தள்ளப்படும் காரில் இரண்டு பிடியும் பின்னால் மட்டுமே விழுவதால், சரிவில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பது நல்லது.

ஆட்டோமேட்டிக் காரில் வரிசை மிகவும் முக்கியம். பார்க் நிலையில் கியர்பெட்டிக்குள் ஒரு சிறு உலோக நாக்கு பல்சக்கரத்தில் மாட்டிக்கொள்கிறது. சரிவில் முதலிலேயே பார்க்குக்கு மாற்றிவிட்டுக் காலை எடுத்தால் காரின் முழு எடையும் அந்த நாக்கின்மேல் தொங்கும்; மீண்டும் கிளம்பும்போது 'டக்' என்று கேட்கும் அதிர்ச்சி அதன் விளைவுதான். பிரேக் மிதியை அழுத்தியபடியே நியூட்ரலுக்கு மாற்றி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மிதியை மெல்லத் தளர்த்தி எடையை ஹேண்ட்பிரேக் தாங்கிய பிறகு, மறுபடி மிதியை அழுத்திப் பார்க்குக்கு மாற்றினால் நாக்குக்குச் சுமை விழாது.

பொத்தானை அழுத்தி இயக்கும் மின் பார்க்கிங் பிரேக்கில் எவ்வளவு இழுப்பது என்ற கவலை ஓட்டுநருக்கு இல்லை. மோட்டார் அதைப் பார்த்துக்கொள்கிறது. பேட்டரி முழுதாக இறங்கிவிட்டால் விடுவிப்பதுதான் தொல்லை.

வாரக்கணக்கில் காரை எடுக்கப் போவதில்லை என்றால் மட்டும் கணக்கு மாறும். ஈரத்தோடு டிரம்மில் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் உருளை) அழுந்திக் கிடக்கும் ஷூ துருவால் ஒட்டிக்கொள்ளும் என்பதால், அப்போது சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கியரில் விட்டு, ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்தி வைப்பதே சரி. ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தால் எஞ்சினை முறுக்கி இழுக்காமல், முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மாறி மாறி மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் விடாவிட்டால் சக்கரத்தைக் கழற்றத்தான் வேண்டும்.