கூரியரில் வந்த மயில் பிகோனியா

மழைக்காட்டுப் பிகோனியாக்களை வளர்த்துக் கூரியரில் அனுப்பும் ஒரு சிறிய நர்சரியிலிருந்து, கடந்த ஆடி மாதம், இலைகள் நீலமாக மினுங்கும் மயில் பிகோனியா (பிகோனியா பவோனினா) செடி ஒன்றைச் சென்னைக்கு வரவழைத்தேன். மூன்று இலைகள் கொண்ட செடிக்கு 850 ரூபாய். வேரை ஈரப்பாசியில் பொதிந்து, இலை மடங்காதபடி டப்பாவில் வைத்து அனுப்பியிருந்தார்கள். இரண்டு நாள் பயணத்துக்குப் பிறகும் ஓர் இலை விளிம்புகூடக் கருகவில்லை.

என் குறையெல்லாம் உடன் வந்த குறிப்புத் தாளைப் பற்றியதுதான். நல்ல வெயில் படும் ஜன்னலோரம் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுமாறு அதில் அச்சிட்டிருந்தார்கள். மலேசியத் தீபகற்பத்தின் மலைக்காடுகளில், பெருமரங்களுக்கு அடியில் நிழலிலேயே வாழும் இச்செடிக்கு இரண்டுமே ஒவ்வாதவை. தாளை நம்பி நடந்ததில், பத்தே நாளில் ஓர் இலைக்காம்பு அடியோடு அழுகிச் சரிந்தது; மற்ற இரண்டு இலைகளும் நீலம் மங்கி வெறும் பச்சையாகிவிட்டன.

அந்த நீலம் நிறமியால் வருவதன்று. இலையின் மேல்தோலில் உள்ள ஒருவகைப் பசுங்கணிகங்களில் (ஒளிச்சேர்க்கை நடக்கும் நுண்ணுறுப்புகளில்) சவ்வுகள் சீரான இடைவெளியில் அடுக்கடுக்காக அமைந்து, நீல ஒளியைத் திருப்பிவிட்டு, காட்டின் அடித்தளத்தை எட்டும் பச்சை ஒளியைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்கின்றன என்பதைப் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் விளக்கினார்கள். வெளிச்சம் மிகுந்தால் அந்த மினுக்கம் மறைந்துவிடும்.

பிறகு செடியை ஒரு பழைய மீன்தொட்டிக்குள், பாசியும் பெர்லைட் என்னும் இலேசான வெண்கல் துகள்களும் கலந்த கலவையில் நட்டு, வெயிலே படாத உள்ளறையில் வைத்தேன். பாசியைப் பிழிந்தால் நீர் சொட்டாத அளவுக்கே ஈரம் கொடுத்தேன். இலைமேல் தெளிப்பதை அறவே நிறுத்தினேன். உள்ளே காற்று தேங்காதிருக்க, மூடியை ஒரு விரற்கடை விலக்கி வைத்தேன். ஐந்தாவது வாரம் குருத்தொன்று சுருள் பிரிந்தது. அறை விளக்கை அணைத்துக் கைப்பேசி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது, அந்தச் சின்ன இலை முழுவதும் மயில்கழுத்துப் பட்டின் நிறத்தில் மின்னியது. நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நர்சரிக்கு எழுதியபோது, மறுப்பேதும் சொல்லாமல் வேறு செடி அனுப்புவதாகப் பதில் தந்தார்கள். நான் கேட்டதோ தாளைத் திருத்த வேண்டும் என்பதையே. சென்ற வாரம் என் தோழி அங்கிருந்து வாங்கிய பிகோனியா ராஜாவுடனும் அதே தாள்தான் வந்திருக்கிறது. இவர்களிடம் செடியைத் தயங்காமல் வாங்கலாம். தாளில் உள்ளபடி மட்டும் வளர்க்க வேண்டாம்.