கார்பன் டை ஆக்சைடா, உலர் தூளா: எந்தத் தீயணைப்பான் எங்கே?

கணினிகளும் மின்பலகைகளும் நிறைந்த அறைக்குக் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானையே நான் பரிந்துரைப்பேன். அது தீயைச் சூழ்ந்த ஆக்சிஜனை விலக்கி அணைப்பதோடு, கருவிகளில் எந்தப் படிவையும் விட்டுச்செல்வதில்லை. ஆனால் திறந்தவெளியில் காற்று அவ்வாயுவைக் கலைத்துவிடும். விறகு, துணி போன்றவற்றின் உள்ளே கனலும் நெருப்பு மீண்டும் பற்றிக்கொள்ளக்கூடும். சிறிய மூடிய அறையில் மூச்சுத்திணறலும் நேரலாம் என்பதால், பீய்ச்சியவுடன் வெளியேறிவிட வேண்டும்.

வீட்டுக்கும் வாகனத்துக்கும் ஏபிசி உலர் தூளே, அதாவது திடப்பொருள், எரிதிரவம், எரிவாயு ஆகிய மூவகைத் தீக்கும் ஏற்ற தூளே, பொருத்தம். அதிலுள்ள மோனோ அம்மோனியம் பாஸ்பேட் என்னும் வேதிப்பொருள் எரிதலின் தொடர்வினையை அறுப்பதுடன், வெப்பத்தில் உருகித் திடப்பொருளின் மேல் படலமாகப் படிந்து, மறுபடி தீப்பற்றுவதைத் தடுக்கிறது. அத்தூள் மின்னணுக் கருவிகளை அரித்துவிடும் என்பது மெய்யே. உயிர் காக்கும் நேரத்தில் அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. வாணலியில் கொதிக்கும் எண்ணெய் பற்றிக்கொண்டால் மட்டும் இரண்டையும் நாடாமல், அடுப்பை நிறுத்தி வாணலியை மூடிவிடுவதே நல்லது.