துணை விளக்குப் பழுதுக்கு எது உதவும்: டெஸ்ட் லேம்பா, மல்டிமீட்டரா?

வண்டியில் கூடுதலாகப் பொருத்திய மூடுபனி விளக்கு எரியாமல் போனாலோ மங்கினாலோ, பழுதைத் தேடப் பெரும்பாலோர் எடுப்பது கூர்முனையும் கிளிப்பும் கொண்ட சிறு பல்பான டெஸ்ட் லேம்ப் அல்லது மின்னழுத்தத்தையும் தடையையும் எண்ணில் காட்டும் டிஜிட்டல் மல்டிமீட்டர். கைக்குப் பழகியது எதுவோ அதையே எடுக்கிறோம். ஆனால் எந்தக் கருவி உண்மையைச் சொல்லும் என்பதைப் பழுதின் தன்மைதான் தீர்மானிக்கிறது.

இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு, சோதிக்கும் வயரிலிருந்து அவை இழுக்கும் மின்னோட்டத்தில் இருக்கிறது. பெரும்பாலான டிஜிட்டல் மீட்டர்களின் உள்தடை ஏறக்குறைய 10 மெகா ஓம். ஆகவே அவை இழுப்பது மைக்ரோ ஆம்பியர் அளவுதான். களிம்பேறி ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயரும் அவ்வளவு மின்னோட்டத்தைச் சிரமமின்றிக் கடத்திவிடும் என்பதால், விளக்கைக் கழற்றிவிட்டு அதன் கனெக்டரில் மீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் என்று நிறைவாகவே காட்டும். அதை நம்பி நல்ல பல்பைத் தூக்கி எறிந்தவர்கள் பலர். 5 வாட் டெஸ்ட் லேம்ப் ஏறக்குறைய 0.4 ஆம்பியர் இழுப்பதால், களிம்பால் தடை மிக ஏறிவிட்ட வயரில் அது மங்கலாக எரிந்து குறையைக் காட்டிக்கொடுக்கும்.

இதை வைத்து டெஸ்ட் லேம்பே மேல் என்று முடிவுகட்டுவதும் தவறு. ஓர் இணைப்பில் 0.5 ஓம் தடை ஏறியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 வாட் பல்புக்கு அங்கே இழப்பு வெறும் 0.2 வோல்ட், கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. அதே இணைப்பின் வழியாக 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டு எரியும்போது ஏறக்குறைய 4 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். ஹாலஜன் பல்புக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தாலே ஒளி ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறைந்துவிடும் என்னும்போது, 4 வோல்ட் இழப்பில் சாலையில் என்ன தெரியும்?

எனவே மங்கலான விளக்குக்கு ஏற்றது மல்டிமீட்டர்தான். ஆனால் விளக்கைக் கழற்றாமல், அது எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையை விளக்கின் பாசிட்டிவ் இணைப்பிலும் வைத்தால், வழியில் மொத்தமாக எவ்வளவு இழக்கப்படுகிறது என்பது நேரடியாகத் தெரியும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், ஃபியூஸின் இரு பக்கங்கள், ரிலேயின் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) விளக்குக்கு மின்சாரம் கடத்தும் 30, 87 முனைகள், ஒவ்வொரு கனெக்டரின் இரு பக்கங்கள் என்று பகுதி பகுதியாக அளந்து, பெரிய எண் எங்கே நிற்கிறதோ அங்கே கைவைக்கலாம். விளக்கின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையில் அளப்பதைத் தவறவிடவே கூடாது; பெயின்ட்டின் மேலேயே திருகப்பட்ட எர்த் வளையத்தை இந்த அளவு உடனே காட்டிவிடும். அங்கே 0.2 வோல்ட்டைத் தாண்டினால் சுரண்டிச் சுத்தம் செய்து மீண்டும் இறுக்க வேண்டும்.

ஃபியூஸ் போட்டவுடனே போய்விடும் பழுதில் நிலைமை தலைகீழாகிறது. பாசிட்டிவ் வயர் வண்டியின் உடலை நேரடியாகத் தொட்டுவிடும் ஷார்ட்டை, தடை மிகக் குறைவானால் மீட்டர் எழுப்பும் பீப் ஒலியை நம்பித் தேடுபவர் ஏமாறுவார். குளிர்ந்த ஹாலஜன் இழையின் தடை அரை ஓமுக்கும் குறைவாக இருப்பதால், நல்ல பல்பும் ஷார்ட்டைப் போலவே பீப் என்று ஒலிக்கும். துணை விளக்குகளின் கனெக்டர்களை எல்லாம் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றைப் பொருத்தி, ஸ்விட்ச்சைப் போட்டுப் பாருங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஷார்ட் வழியாக ஓடுவது இரண்டு ஆம்பியருக்கும் குறைவு என்பதால் வயர் கருகாது. பிறகு வயரிங்கை ஓரடி ஓரடியாக அசைத்துக்கொண்டே போனால், உராய்ந்து தோல் போன இடத்தைத் தொடும்போது பல்பு அணையும் அல்லது சிமிட்டும். ஒரு ஃபியூஸ்கூட வீணாகாத இந்த முறைக்கு மீட்டரில் ஈடு இல்லை.

ரிலேயை இயக்கும் சுருளின் 85, 86 முனைகளுக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க இரண்டில் எதுவும் போதும். 'டிக்' என்று ஒலிப்பதால் மட்டும் ரிலே நல்லது என்று ஆகாது. உள்ளே தொடர்புமுனை கருகியிருந்தாலும் அந்த ஒலி வரும்.

எல்இடி விளக்குகளில் மீட்டரின் தேவை இன்னும் கூடுகிறது. அவற்றில் உள்ள டிரைவர் எனும் மின்னோட்டக் கட்டுப்பாட்டுச் சுற்று, மின்னழுத்தம் ஓரளவு குறைந்தாலும் ஒளியைச் சமன்செய்துவிடும் என்பதால், இணைப்பு கெட்டுக்கொண்டே வருவது கண்ணுக்குத் தெரியாமல் ஒருநாள் திடீரென மினுக்கத் தொடங்கும்.

டெஸ்ட் லேம்பிடம் எனக்குள்ள பெரிய குறை அதன் கூர்முனை. வயரின் தோலைக் குத்திய துளை வழியாக நீர் இறங்கி, நாளடைவில் அங்கேயே களிம்பு பிடிக்கும். ஏர்பேக் வயர்களிலும் கட்டுப்பாட்டுக் கணினியின் வயர்களிலும் பல்பு டெஸ்ட் லேம்பை ஒருபோதும் வைக்கக் கூடாது. ஒன்றை மட்டுமே வாங்க முடியும் என்பவர் மல்டிமீட்டரையே வாங்கட்டும். பழைய 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயர்களைச் சேர்த்து அதனுடன் வைத்துக்கொண்டால் ஷார்ட் தேடும் வேலைக்கும் ஆகிவிடும்.